குதிர்

இருபதாவது வாரம்.
ஜெல் தடவிய வயிற்றில் கருவியை நகர்த்தியபடி
வானிலை பேசிக்கொண்டிருந்தவள்
ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினாள்.
திரும்பத் திரும்ப அதே இடம்.
சாம்பல் தண்ணீரில்
நூல்கண்டு அவிழ்ந்து மிதந்தது.
கொடி என்று நினைத்தேன்.
குடல்.

எங்கள் மொழியில் குடல் வெளியே வருவது
சண்டையில்தான்.
உருவி மாலையாகப் போட்டுவிடுவேன் என்று
தண்ணீர் லாரிக்கு முன்னால்
குடத்தோடு நின்று ஒருவர் கத்திக் கேட்டிருக்கிறேன்.
அன்று யாரும் யாரையும் தொடவில்லை.
இவளை யார் திட்டியது?

நாத்தனார் வாட்ஸப்பில் கேட்டாள்:
கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?
நறுக்கினேன்.
அங்கே கிரகணம், இங்கே நடுராத்திரி.
சாஸ்கட்டூனில் சௌசௌ கிடைத்த சந்தோஷத்தில்
இரண்டு கிலோ நறுக்கினேன்.
ஸ்கேனில் தெரிந்து இரண்டு மாதம் கழித்து வந்த கிரகணம் அது.
அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
வண்டி உறைந்துவிடாமல்
எஞ்சினுக்கு இரவெல்லாம் மின்கம்பி சொருகி வைத்திருந்தான் சிபி.
பிறந்தாள்.
காலிலிருந்து அக்குள்வரை
ரொட்டிப் பைபோல ஒன்றில் இட்டு
எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.
முகம் அப்புறம்தான் பார்த்தேன்.

சைலோ வைத்திருக்கிறோம் என்றார் டாக்டர் ஒகாஃபோர்.
சிபி ரோஸ்டவுனிலிருந்து கோதுமை ஏற்றுகிறவன்.
அவனுக்குத் தெரிந்த சைலோ
ஐந்து மைலுக்கு அப்பாலிருந்தே கண்ணில் படும்.
குதிரா, என்று தமிழில் என்னைக் கேட்டான்.

குதிர்தான்.
கண்ணாடிபோல் தெளிந்த, ஒரு பிடி அகலக் குதிர்.
இன்குபேட்டரின் உச்சியில் நாடா கட்டித் தொங்கவிட்டிருந்தது.
அதற்குள்
இளஞ்சிவப்பாய், சில மடிப்புகளில் ஊதாவாய்
நின்றது அவள் குடல்.
நடுநடுவே ஒரு நெளிவு.
தாய்மார்கள் குழந்தையின் விரல்களை எண்ணுவார்களாம்.
நான் மடிப்புகளை எண்ணினேன்.
எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறியது.

தினமும் காலை பத்து மணி.
பற்பசையை அடியிலிருந்து ஏற்றுவதற்கு நேர்மாறாக
மேலிருந்து மெல்ல அழுத்தி
நாடாவை ஒரு விரற்கடை கீழே கட்டுவார்.
மீதி வேலையை பூமி இழுத்துச் செய்துவிடும்
என்பாள் நர்ஸ் டார்லீன்.
மூன்றாம் நாள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி
எங்கப்பன் குதிருக்குள் இல்லை, என்றான் சிபி.
சிரித்தோம்.
கையில் பூசிய கிருமிநாசினி காய்வதற்குள்
நடைவழியில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

ஆறாம் நாள் குதிர் காலி.
தைக்கவில்லை.
அதற்கென்றே நீளமாய் விட்டிருந்த தொப்புள்கொடியைச்
சுருட்டி, ஓட்டையில் வைத்து, ஒட்டி மூடினார்கள்.
அறுத்ததோடு தீர்ந்தது என்று நான் நினைத்த கொடி.
நான் சோறு அனுப்பிய வழியே
கதவாகிவிட்டது.

பிறகு ஒன்றுமில்லை. காத்திருப்பு.
மூக்குக் குழாயில் பச்சை.
அடுத்த வாரமும் பச்சை.
என் பால் குப்பி குப்பியாக ஃப்ரீசரில்,
பெயரில்லாமல், "பெண் குழந்தை" என்ற லேபிளோடு.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை
டார்லீன் டயப்பரைக் கோப்பைபோல் தூக்கிப்பிடித்து வந்தாள்.
பக்கத்துக் கட்டிலின் தகப்பன்கூடக் கைதட்டினான்.
கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த பிறப்புப் படிவத்தை
சிபி அன்றுதான் நிரப்பினான்.
மோந்து பார்த்துவிட்டு எழுதினான்: நறுமலர்.

ஐந்து வயது.
தொப்புள் நடுவில் இல்லை,
அவசரத்தில் தைத்த பொத்தான்போல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
குளித்து முடித்ததும் அதில் காதை வைப்பேன்.
தினமும் வைப்பேன், அவளுக்குக் கூச்சம்.
உள்ளே யாருமே இல்லம்மா, என்று தள்ளுகிறாள்.
அவள் சொல்லி முடிப்பதற்குள்
கடமுடவென்று உருள்கிறது.

சரி சரி, என்கிறேன்.
தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டுத்
துண்டைத் தேடுகிறேன்.